சுகந்தி சட்டி

மார்ச் 14, வியாழன்

காலையில மூட்டம். எட்டு மணிக்கு மேல வெயில். மேற்குப் பந்தல்ல ஜிஏ முக்கி முடிச்சாச்சு.

இந்த டைரி உரக்கடையில குடுத்தது. திராட்சைக்கு என்னைக்கு என்ன மருந்து, எவ்வளவு, அன்னிக்கு வெயிலா மேகமான்னு இவர் எழுதணும். இவர் எழுத்தை இவராலயே திருப்பி வாசிக்க முடியாது. அதனால பத்தாவது பாஸான நான் எழுதுறேன். எழுத உக்காந்தா மருந்தோட நிக்க மாட்டேங்குது, வீட்டுக் கதையும் வந்து விழுந்துருது. விழட்டும், வேற யார் வாசிக்கப்போறா.

ஜிஏ சின்னப் பொட்டலத்துல வர்ற வெள்ளைப் பவுடர். ஸ்பிரிட்டுல கரைச்சு, தண்ணியில கலந்து, பிஞ்சுக் கொத்தை மக்குல முக்கி எடுத்தா காய் நீண்டு திரண்டு வரும். கலக்குறது எப்பவும் நான்தான். நல்ல வெயில்னா ஒரு அளவு, மேகம் போட்டிருந்தா அதுல பாதி. வெளிச்சம் பத்தாத நேரத்துல மருந்து கூடிப்போனா காம்பு இழுத்துக்கிட்டுப் போய் கொத்தே தொங்கிரும். இன்னிக்கு வேலைக்கு வந்த பொம்பளைங்க "தவமணியக்கா கை அளந்த கை"ன்னாங்க. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு.

மத்தியானம் மருமக சுகந்தி சோறு கொண்டு வந்தா. முகம் வாடிக் கிடந்துச்சு. என்னடின்னா ஒண்ணுமில்ல அத்தைங்கிறா. பொங்கலுக்கு முன்னாடி ரெண்டாவது தடவையும் கலைஞ்சதுல இருந்து இப்படித்தான். அடுத்த மாசம் தேனியில பெரிய டாக்டரைப் பாக்கத் தேதி வாங்கியிருக்கு. மகன் ராஜபாண்டி கேரளாவுக்கு லோடு ஏத்திக்கிட்டுப் போனா திரும்ப வாரம் ஆகுது.

மார்ச் 17, ஞாயிறு

கோயில்ல கூட்டம். ஏப்ரல் ரெண்டாம் தேதி செவ்வாக்கிழமை காப்புக் கட்டு, அடுத்த வாரம் புதன்கிழமை முளைப்பாரி ஊர்வலம். முளைப்பாரி அறைச் சாவி இந்த வருசம் எனக்கு வந்திருக்கு. கோயில் காரியத்துல பொம்பளைங்களுக்கெல்லாம் பெரியவங்களா இருக்குற ராஜாமணி அக்கா எல்லார் முன்னாடியும் என் கையில குடுத்தாங்க. தெருப் பொம்பளைங்க அத்தனை பேர் சட்டியும் அந்த இருட்டறைக்குள்ளதான் வளரும். சாவி வச்சிருக்கவ மட்டும்தான் குளிச்சிட்டு ஈரச் சேலையோட உள்ள போய்த் தண்ணி தெளிக்கணும். மத்தவங்க ஊர்வலத்தன்னிக்குத்தான் தங்க சட்டியைப் பாப்பாங்க.

சுகந்தி எந்திரிச்சு, "நானும் இந்த வருசம் வேண்டிக்கிட்டுப் போடுறேன்"ன்னா. எனக்கே அப்பத்தான் தெரியும். எல்லாரும் நல்லதுன்னாங்க. பரிமளா மதினி மட்டும் என் காதுல விழுற மாதிரி பக்கத்துல இருந்தவகிட்ட சொல்றாங்க, "பெத்த கை போட்ட சட்டி தனியாத் தெரியும்." அவங்க மருமகளுக்கு ரெட்டைப் பிள்ளை பிறந்து ஆறு மாசம் ஆகுது. அந்தத் திமிரு.

சுகந்தி காதுலயும் விழுந்திருக்கும். வீட்டுக்கு வந்து சோறு வேணாம்னுட்டா.

மார்ச் 19, செவ்வாய்

வெயில். கிழக்குப் பந்தலுக்குச் சாம்பல் நோய் மருந்து.

மொட்டை மாடியில ரெண்டு சட்டியில சோளமும் பயறும் போட்டு வச்சேன். சும்மாதான்.

மார்ச் 27, புதன்

மாடியில ஒரு சட்டி ஒரு சாண் இருக்கு. இன்னொண்ணு ஒண்ணரைச் சாணுக்கு மேல போயிருச்சு, தண்டும் விரைப்பா நிக்குது. அதுக்கு மட்டும் கொத்து முக்குன ஜிஏ தண்ணியில மிச்சம் இருந்ததைக் கொஞ்சம் விட்டிருந்தேன்.

இவர் மாடிக்கு வந்தார். இது எதுக்குன்னு கேட்டார். கோழிக்குன்னேன். நம்மகிட்ட ஏது கோழின்னார். வாங்கணும்னேன்.

ஏப்ரல் 2, செவ்வாய்

காப்புக் கட்டியாச்சு. விடியக் குளிச்சு, சட்டியில வைக்கோலும் எருத்தூளும் பரப்பி, ஊறப்போட்ட விதையைத் தூவி, எல்லாத்தையும் அறையில வரிசையா வச்சோம். ஜன்னல்ல சாக்கு அடைச்சாச்சு. மேல தகரம். கதவைச் சாத்தினா கையை நீட்டுனா கை தெரியாது.

சுகந்தி தன் சட்டிக்கழுத்துல மஞ்சத்துணி கட்டியிருந்தா. விதை தூவுறப்ப உதடு முணுமுணுன்னு அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. இவ இவ்வளவு சாமி கும்புடுறவன்னு எனக்குத் தெரியாது. மூணு வருசமா ஒரே வீட்டுல இருக்கோம்.

ஏப்ரல் 4, வியாழன்

எல்லாச் சட்டியும் முளை கட்டியிருக்கு. சுகந்தி சட்டியைக் கொஞ்சம் கூடுதலாக் கவனிச்சேன்.

ஏப்ரல் 6, சனி

சுகந்தி சட்டிதான் ஒசரம். பரிமளா மதினி சட்டி அதுக்குப் பாதி கூட இல்ல. சாமி குடுக்குறதை நாம என்ன செய்ய முடியும்.

விரதத்துக்கு அவ ஒரு நேரம்தான் சாப்புடுறா. தரையில படுக்கிறா. மெலிஞ்சு போறேடின்னா, "இன்னும் நாலு நாள்தானே அத்தை"ன்னு சிரிக்கிறா. அவ சிரிச்சுப் பாத்து ரொம்ப நாள் ஆச்சு. தன் சட்டி எப்படி இருக்குன்னு அவ கேக்கவே இல்ல, கேக்கக் கூடாதுன்னு அவளுக்குத் தெரியும். நானாத்தான் சொன்னேன், "உன்னோடதுதான் ஊர்வலத்துல முன்னாடி போகும் பாரு"ன்னு. சொல்லியிருக்கக் கூடாது.

ஏப்ரல் 8, திங்கள்

வெயில் கொளுத்துது. அறைக்குள்ள போனா சோத்துப்பானையைத் திறந்த மாதிரி வெக்கை அடிக்குது. சுகந்தி சட்டி லேசா ஒருபக்கம் சாயுது. தண்டு நூல் மாதிரி இருக்கு. இன்னிக்குத் தண்ணியைக் குறைச்சேன்.

ஏப்ரல் 9, செவ்வாய்

சாயங்காலம் கோயில்ல கும்மி. சுகந்தியும் சுத்தி வந்து அடிச்சா. நான் அடிக்கல, கால் வலின்னுட்டேன்.

ஏப்ரல் 10, புதன்

முளைப்பாரி எடுத்தாச்சு. தலை வலி.

ஏப்ரல் 11, வியாழன்

நேத்து எழுத முடியல. இன்னிக்கு எழுதிர்றேன்.

நாலு மணிக்கு மேளக்காரங்க வந்ததும் நான் கதவைத் திறந்தேன். ஒவ்வொருத்தியா வந்து தன் சட்டியைத் தூக்குனாங்க. எல்லாம் வெளிறுன மஞ்சள்ல நேரா நிக்குது. சுகந்தி சட்டி மட்டும் மொத்தமாச் சரிஞ்சு கிடந்துச்சு. வேகவச்ச சேமியாவைத் தட்டுல கொட்டுன மாதிரி விளிம்பைத் தாண்டித் தரையில கிடக்குது. அவ ரெண்டு கையாலயும் அள்ளி நிமுத்திப் பாத்தா. விட்டதும் திரும்ப விழுது. மறுபடியும் நிமுத்தினா.

பரிமளா மதினிதான் வாயைத் திறந்தாங்க. "ஆத்தா, இது ஊர்வலத்துக்கு ஆகாது. இதைத் தூக்கிட்டுப் போனா ஊருக்கே ஆகாது." அப்புறம் என்கிட்ட திரும்பி, "ஏ தவமணி, நீதானே தண்ணி விட்ட? இது மட்டும் ஏன் இப்படி?"

நான் ஏதோ சொல்லி வச்சேன்.

சுகந்தி சட்டியை இடுப்புல வச்சுக்கிட்டுத் தனியா வாய்க்காலுக்குப் போயிட்டா. நான் என் சட்டியைத் தலையில வச்சுக்கிட்டு, மேளத்துக்குப் பின்னாடி, ஊரைச் சுத்தி வந்தேன். என் சட்டி நல்லா வந்திருந்துச்சு. ஒண்ணு ரெண்டு பேர் அதைச் சொல்லவும் செஞ்சாங்க.

ஏப்ரல் 12, வெள்ளி

பந்தலுக்குப் போகல. இவர்கிட்ட மட்டும் சொல்லிட்டேன். சத்தம் போடுவார்னு பாத்தா போடல. கேட்டுட்டு ரொம்ப நேரம் துண்டால முகத்தைத் தொடைச்சுக்கிட்டே இருந்தார்.

"இருட்டறைக்கு எதுக்கு மருந்து? வெளிச்சம் இல்லாட்டி செடி அதுபாட்டுக்கு வெளிச்சத்தைத் தேடி ஓடும். ஓடிக்கிட்டு இருக்கிறதை நீ விரட்டி விட்டிருக்க. மேல தகரத்து வெக்கை வேற."

"மாடியில நல்லாத்தானே வந்துச்சு"ன்னேன்.

"மாடியில வெயில் இருந்துச்சு, காத்து இருந்துச்சு. மேகம் போட்டாலே பாதியாக் குறைன்னு எனக்குச் சொல்லிக்குடுத்தவளே நீதான். உனக்கா தெரியாது?"

தெரியும். அதைத்தான் என்னால தாங்க முடியல. தெரியாம செஞ்சிருந்தா அழுது தொலைச்சிருப்பேன். மேகத்துக்கே பாதின்னா இருட்டுக்கு எவ்வளவுன்னு அன்னிக்கு ஒரு நிமிசம் எனக்கும் தோணுச்சு. பரிமளா மதினி மூஞ்சி கண்ணு முன்னாடி வந்துச்சு. ஊத்திட்டேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருசப் பிறப்பு. பாயாசம் வச்சேன். ராஜபாண்டி கேரளாவுல இருந்து போன் பண்ணினான். அவன்கிட்ட சுகந்தி நல்லாத்தான் பேசினா. போனை வச்சிட்டு என்கிட்ட வந்து, "இருபத்திரண்டாம் தேதி ஆஸ்பத்திரிக்கு வேணாம் அத்தை. அந்தத் தேதியை வேற யாருக்காவது குடுக்கச் சொல்லிருங்க"ன்னா.

ஏண்டின்னேன்.

"ஆத்தாளே வேணாம்னுட்டா. அதுக்கு மேல டாக்டர் என்ன செய்வாங்க? அவரை வேற பொண்ணு பாக்கச் சொன்னாலும் நான் குறுக்க நிக்க மாட்டேன்."

லூசு மாதிரிப் பேசாதன்னு அதட்டினேன். ஒரு சட்டி சாஞ்சதுக்கு இவ்வளவான்னேன். அவ என்னை நிமிந்து பாத்தா. கோபமா இருந்தாக்கூடப் பரவாயில்ல, கோபம் இல்ல அந்தப் பார்வையில.

"சட்டி சாஞ்சதுக்கு இல்ல அத்தை. நீங்களே சொன்னீங்கல்ல. நான் எல்லா நாளும் சுத்தமாத்தான் இருந்தேன். ஆனா நீங்க சொன்னா ஏதோ இருக்கும். எனக்கே தெரியாம எங்கயோ தப்புப் பண்ணியிருப்பேன். நாலு நாளா யோசிக்கிறேன், என்னன்னு ஞாபகம் வர மாட்டேங்குது."

பாயாசத்தை யாருமே தொடல.

பதினொண்ணாம் தேதி ஏதோ சொல்லி வச்சேன்னு எழுதியிருக்கேன். என்ன சொன்னேன்னு இன்னிக்கு எழுதுறேன். பரிமளா மதினி கேட்டதும் நான் சொன்னது இதுதான்: "நான் தண்ணி விட்டா எல்லாச் சட்டிக்கும்தானே விடுவேன். சுத்தபத்தமா இருந்தாளோ இல்லையோ, நான் என்ன கூடவே படுத்தா பாத்தேன்."

சுகந்தி அப்ப என் பக்கத்துலதான் நின்னுக்கிட்டு இருந்தா.

ஏப்ரல் 15, திங்கள்

காலையில குழாயடிக்குப் போனேன். எல்லாரும் இருந்தாங்க. சொல்லிரணும்னுதான் போனேன். குடம் நிறைஞ்சதும் தூக்கிக்கிட்டு வந்துட்டேன்.

வந்து சுகந்தியை மாடிக்குக் கூட்டிட்டுப் போனேன். ரெண்டு சட்டியும் இன்னும் அங்கதான் இருந்துச்சு. தண்ணி இல்லாம நுனி காஞ்சிருந்தாலும் நெட்டையா இருந்தது நேராத்தான் நின்னுச்சு. இது மருந்து விட்டது, இது விடாததுன்னு காமிச்சேன். அவளுக்குப் புரியல. அப்புறம் புரிஞ்சுச்சு. தோட்டத்துல மருந்து கலக்க அவளும்தான் என்கூட நின்னிருக்கா.

"என் சட்டிக்கா?"

ஆமான்னேன்.

"எத்தனை நாள் ஊத்துனீங்க?"

மூணு நாள்னேன்.

"இங்க நின்னது அங்க ஏன் சாஞ்சுச்சு?"

இவர் சொன்னதைச் சொன்னேன். இருட்டு, வெக்கை, காத்து இல்லாதது, எல்லாத்தையும் சொன்னேன். பரிமளா பேசினது பொறுக்காமத்தான் செஞ்சேன், உன் சட்டிதான் முன்னாடி போகணும்னு செஞ்சேன்னேன். சொல்லிக்கிட்டு வரும்போதே எனக்கே அது பொய்னு பட்டுச்சு. முன்னாடி போக வேண்டியிருந்தது அவ சட்டி இல்ல. என் மருமக சட்டி.

அவ அந்த நெட்டைச் சோளத்தைத் தொட்டுப் பாத்தா. "அப்ப ஆத்தா ஒண்ணும் சொல்லலையா?"

"ஒண்ணும் சொல்லல. எல்லாம் நான்தான்."

அவ கைப்பிடிச் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டா. அழுதா. எனக்கு அவளைத் தொடப் பயமா இருந்துச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு மூக்கைச் சிந்திட்டு எந்திரிச்சா.

"என்னைக் கூட்டத்துல வச்சுத்தானே சொன்னீங்க. இதையும் கூட்டத்துல சொல்லுங்க அத்தை."

உனக்குத் தெரிஞ்சாப் போதாதான்னு கேக்கக் கூட வாய் வரைக்கும் வந்துச்சு. அவ கீழ இறங்கிப் போயிட்டா.

ஏப்ரல் 16, செவ்வாய்

மறுபூசை. பொம்பளைங்க எல்லாம் கோயில் முன்னாடி பொங்கல் வச்சாங்க. நானும் அடுப்புக் கூட்டினேன். கூடவே சுகந்தி. வர்றியான்னு நான் கேக்கவே இல்ல, அவளா வந்தா. பொங்கி வர்ற வரைக்கும் பொறுப்போம்னு நினைச்சேன். பொங்கிருச்சு. பூசை முடியட்டும்னு நினைச்சேன். முடிஞ்சிருச்சு. எல்லாரும் பானையை இறக்கிட்டாங்க. சுகந்தி என்னைப் பாக்கவே இல்ல, விறகைத் தணிச்சுக்கிட்டு இருந்தா. அவ தணிக்கிற விதத்துலயே தெரிஞ்சுச்சு, இன்னிக்கு நான் சொல்லாட்டி இனி ஒருக்காலும் கேக்க மாட்டா. கேக்கவும் மாட்டா, நாளைக்கு அவங்க அம்மா வீட்டுக்குப் போயிருவா.

ராஜாமணி அக்கா முன்னாடி போய் நின்னேன். சாவியை எடுத்து அவங்க கையில குடுத்தேன்.

"என்ன தவமணி?"

"சுகந்தி சட்டியில நான் திராட்சை மருந்து ஊத்தினேன்க்கா. அதுலதான் சாஞ்சுச்சு. அவ விரதத்துல ஒரு குறையும் இல்ல. அன்னிக்கு நான் சொன்னது பொய்."

பரிமளா மதினி, "சாமிக்கு விட்ட பயிருக்கா மருந்து? உனக்குக் கை கூசலையா?"ன்னு கேட்டாங்க. கூசுச்சு மதினின்னேன். அதோட நிறுத்தியிருக்கலாம். சுகந்தி கேட்டது அவ்வளவுதான். ஆனா வாய் திறந்த பிறகு நிக்கல. மாடியில அவகிட்டயே சொல்லாத ஒண்ணு வந்து விழுந்துருச்சு.

"ஒன்பதாம் தேதி காலையிலேயே அது படுத்துருச்சு. உள்ள நான் மட்டும்தான். அவ சட்டியில இருந்த மஞ்சத்துணியை அவுத்து என் சட்டியில கட்டினேன். என்னோடதை அவ எடுத்துக்கட்டும், சாஞ்சதை நான் எடுத்துக்கிறேன்னு. கட்டிட்டு நின்னு யோசிச்சேன். சாவி வச்சிருக்கவ சட்டியே சாஞ்சா ஊரு என்ன சொல்லும்னு தோணுச்சு. திரும்ப அவுத்து அவளோடதுலயே கட்டிட்டேன்."

சுகந்தி கையில இருந்த விறகைக் கீழ போட்டுட்டா.

ராஜாமணி அக்கா சாவியை முந்தானையில முடிஞ்சுக்கிட்டாங்க. "இனி நீ சட்டி போட வேணாம். எத்தனை வருசம்னு நான் சொல்லல. உனக்காத் தோணுறப்ப வந்து கேளு." அவ்வளவுதான் சொன்னாங்க. வையலாம்ல, வைதிருந்தா கொஞ்சம் தேவலாம்.

பானையைத் தூக்கிக்கிட்டு வர்றப்ப ஒருத்தி பின்னாடியே வந்தா. பேரு வேணாம். ஏதோ ஆறுதல் சொல்லப்போறான்னு நின்னேன். அக்கம் பக்கம் பாத்துட்டு, "அந்த மருந்து ஒரு சட்டிக்கு எவ்வளவுக்கா ஊத்தணும்?"ங்கிறா. அத்தனை மானக்கேட்டுலயும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. போடி அங்கிட்டுன்னேன்.

ஏப்ரல் 18, வியாழன்

மேகம். மேற்குப் பந்தலுக்கு மருந்து இல்ல.

சுகந்தி சமைக்கிறா, கூட்டுறா, கேட்டதுக்குப் பதில் சொல்றா. தானா ஒரு வார்த்தை பேசல. துணி விசயத்தை நான் சொல்லாமலே இருந்திருக்கலாமோன்னு நேத்து முழுக்க நினைச்சேன். நினைச்சதுக்கும் சேத்து வெக்கமா இருக்கு. குழாயடியில நான் போனா பேச்சு நின்னுருது. அவ போனா இப்ப எல்லாரும் நகந்து இடம் விடுறாங்களாம். இவர்தான் சொன்னார்.

ஏப்ரல் 22, திங்கள்

வெயில்.

காலையில எந்திரிச்சா சுகந்தி குளிச்சுத் தலை சீவி, ரிப்போர்ட்டு எல்லாத்தையும் பைக்குள்ள எடுத்து வச்சு உக்காந்திருக்கா. எங்கன்னு கேக்கல நான். ஓடிப்போய்ச் சேலையை மாத்துனேன். நான் வரலாமான்னும் கேக்கல, கேட்டு வேணாம்னுட்டா என்ன செய்யிறது. சின்னமனூர்ல பஸ் மாறுனோம். பக்கத்துலதான் உக்காந்தா. ஜன்னலையே பாத்துக்கிட்டு வந்தா.

பெரிய டாக்டரம்மா ரிப்போர்ட்டை எல்லாம் புரட்டிப் பாத்தாங்க. நல்ல மருந்து இருக்கு, ஊசி இருக்குன்னாங்க. எப்ப ஆரம்பிக்கலாம்னு நான்தான் முந்திக்கிட்டுக் கேட்டேன். அவங்க என்னைப் பாத்து, "ஊசி எங்க போயிருது? உடம்பும் மனசும் தாங்கணும்ல. எல்லாருக்கும் ஒரே அளவா குடுக்க முடியும்?"ன்னாங்க. அப்புறம் அவ பக்கம் திரும்பி, "தூங்குறியாம்மா? சாப்புடுறியா? வீட்டுல எப்படி?"ன்னு கேட்டாங்க.

சுகந்தி மடியில இருந்த பையைச் சரி பண்ணினா. எனக்கு அந்த நாற்காலியில உக்கார முடியல. என்ன சொன்னாலும் சரி, எல்லாம் உண்மையாத்தான் இருக்கும்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்.

"இப்பப் பரவாயில்ல டாக்டர்"ன்னா.

அந்தம்மா எழுதிக்கிட்டாங்க. அடுத்த மாசம் வரச் சொன்னாங்க.

திரும்பி வர்றப்ப பஸ்ல கூட்டம். நின்னுக்கிட்டே வந்தோம். வீரபாண்டி தாண்டினதும் ரெண்டு சீட்டு காலியாச்சு. உக்காந்ததும் சுகந்தி ஜன்னலைப் பாத்துக்கிட்டே சொன்னா.

"அடுத்த வருசமும் சட்டி போடுவேன் அத்தை."

போடும்மான்னேன்.

"சாவியை நான் கேக்கப்போறேன். என் சட்டிக்கு நானே தண்ணி விட்டுக்கிறேன்."

சரின்னேன். டிக்கெட் எடுக்கணும்னு கண்டக்டர் வந்து நின்னார். எடுத்தேன். சின்னமனூர் வர்ற வரைக்கும் அவ தலை என் தோள்ல சாஞ்சிருந்துச்சு. தூங்கிட்டா. விரதம் இருந்து மெலிஞ்ச கழுத்து. நான் அசையாம உக்காந்து வந்தேன்.